இடது ஓரத்து நிழல்

மார்ச் 3

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. ஒன்பது வருடமாக விசாரிக்காதவள் இன்றைக்கு மட்டும் விசாரிப்பது நன்றாக இருக்காது. ஒரு வேலை இருக்கிறது. அதற்கு உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. போன் செய்திருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. தாளில் என்றால் அடித்துத் திருத்தி எழுதலாம்.

வீடு மாற்றுகிறோம். பரணை ஒழித்தபோது என் வீட்டுக்காரருடைய ஒரு பெட்டி கிடைத்தது. அவர் ஓட்டிய போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல், ஒட்டிச் சேர்க்கிற கிட். போன வருடம்தான் வாங்கியது போலப் பெட்டி பளபளவென்று இருக்கிறது. உடலின் இரண்டு பாதிகளையும் டேப் போட்டுச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். அதோடு சரி. செய்முறைத் தாளில் பென்சிலால் ஏழு வட்டம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறிப்பு. ‘மூக்கு குட்டை.’ ‘முதுகில் சதை.’ ‘முன்கண்ணாடி விறைப்பாக நிற்கிறது.’ கீழே பெரிதாக, ‘இது என் விமானம் இல்ல. அதோட ஒண்ணுவிட்ட தம்பி.’

உங்களுக்கே தெரியும், இருபது வருடமாக நான் பல் கட்டும் கூடத்தில் மெழுகோடும் அக்ரிலிக்கோடும் மல்லுக்கட்டுகிறேன். ஒரு பல்லின் முனை கால் மில்லிமீட்டர் தூக்கினால் மனிதனால் வாயை மூட முடியாது. உருவத்தைத் திருத்துவது எனக்குக் கைவந்த வேலை. எது சரியான உருவம் என்பதுதான் தெரியவில்லை. பதினோரு வருடம் அந்த விமானத்தின் மேல் ஏறி இறங்கி அதைப் பராமரித்தவர் நீங்கள்.

மகள் விமானப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அவள் கிளம்புவதற்குள் இதைச் சரியாகச் செய்து அவள் கையில் கொடுக்க வேண்டும். மூக்கு, கண்ணாடி, முதுகு, இந்த மூன்றின் அளவு வேண்டும். அளவு மட்டும் எழுதினால் போதும்.

தங்கை


மார்ச் 12

தங்கச்சிக்கு,

கடிதம் எட்டாம் தேதி வந்தது. ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். சரி.

மூக்கு. நுனியிலிருந்து முன்கண்ணாடியின் அடிவிளிம்பு வரை நிஜத்தில் இரண்டு மீட்டர் எண்பது. உன் மாடல் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. ஆக ஐம்பத்தெட்டு மில்லிமீட்டரும் கொஞ்சமும் வர வேண்டும். அளந்து பார். மூன்று மில்லிமீட்டராவது குறையும். நுனியில் பட்டியைப் பூசி நீட்டாதே, கிளியின் மூக்கு மாதிரி ஆகிவிடும். நடுவில் அறுத்து, இடையில் பிளாஸ்டிக் தகடு வைத்து ஒட்டு.

முன்கண்ணாடி இன்னும் படுக்க வேண்டும். கோணத்தை அட்டையில் வெட்டி வைத்திருக்கிறேன்.

முதுகு, அதாவது விமானியின் கூண்டுக்குப் பின்னால் வால் வரை போகிற மேடு. கிட்காரன் அதைத் தடிமனாக்கிவிட்டான். இரண்டு பக்கமும் முக்கால் மில்லிமீட்டர் சீவ வேண்டும். அப்படியே சீவினால் பிளாஸ்டிக் ஓட்டையாகும். முதலில் உள்பக்கம் அக்ரிலிக் கொடுத்துத் தடிப்பாக்கு. பிறகு உப்புத்தாள். குறுக்குவெட்டு அட்டைகள் ஐந்து அனுப்புகிறேன், எண் போட்டிருக்கிறேன். முதுகின் மேல் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் புகக் கூடாது.

மேலிருந்து எடுத்த படம் இருந்தால் நல்லது. எங்கள் பிரிவில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் இப்போது உன் ஊரில்தான் இருக்கிறார். அவரிடம் கேள். எதையும் தூக்கிப் போட மாட்டார்.

அளவு மட்டும் கேட்டாய். எழுதிவிட்டேன். பொடிசு எப்படி இருக்கிறாள்?

அண்ணன்


மார்ச் 29

அண்ணனுக்கு,

பொடிசுக்குப் பத்தொன்பது வயது. என்னைவிட நாலு விரல் உயரம்.

அட்டைகள் வந்தன. மூக்கை அறுப்பதற்கு முன் ஐந்து முறை அளந்து கோடு போட்டேன். நிஜப் பல்லைப் பிடுங்குகிறவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். மூன்று மில்லிமீட்டர் தகடு வைத்து ஒட்டி, காய்ந்த பிறகு சீவி, உங்கள் அட்டையை வைத்துப் பார்த்தேன். நீண்ட மூக்கோடு திடீரென்று அது அவருடைய விமானமாகிவிட்டது. கொஞ்ச நேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

முன்கண்ணாடிக்கு எங்கள் கூடத்தின் இயந்திரத்தையே வைத்துக்கொண்டேன். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கு உறை செய்வோமே, அது. பல்லச்சு வார்க்கிற மாவில் கண்ணாடியின் உருவத்தைச் செதுக்கி, சூடான பிளாஸ்டிக் தாளை அதன் மேல் உறிஞ்ச வைத்தேன். நாலாவது முறை சரியாக வந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, “எந்த நோயாளிம்மா இவ்வளவு கூரா பல்லு வெச்சிருக்காரு?” என்றார்.

இனி சொல்லப் போவது அளவு இல்லை. மகளின் முதல் நேர்காணல் போன வாரம் முடிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர் கோப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டாராம், “உங்க அப்பா பண்ணின தப்பை நீங்க பண்ண மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?” வீட்டுக்கு வந்து சொல்கிறாள், “அப்பா தப்புப் பண்ணியிருப்பாரும்மா. மனுஷன்தானே. நாம ஒத்துக்கிட்டா என்ன?” நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். ‘தாழ்வாகத் திரும்பும்போது விமானியின் கவனக்குறைவு’ என்று விசாரணை அறிக்கையில் ஒரு வரி. அதை என் வீட்டுக்குள்ளேயே என் மகள் வாயால் கேட்க வேண்டியதாகிவிட்டது.

படக்காரரைப் பார்த்தேன். விமானம் நிறுத்துகிற ஹேங்கரின் மாடிப்படியில் நின்று எடுத்த இரண்டு படம் கொடுத்தார். இரண்டிலும் முதுகு நன்றாகத் தெரிகிறது. ஒரு சந்தேகம். நடு முதுகில் நீளமாக ஒரு மூடி இருக்கிறதே, அதன் இடது ஓரம் ஒரு படத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கீழே கோடு மாதிரி ஒரு நிழல். உங்கள் மூன்றாம் எண் அட்டையில் அந்த இடம் வழவழவென்று இருக்கிறது. எது சரி?

தங்கை


ஏப்ரல் 7

தங்கச்சிக்கு,

அட்டைதான் சரி. படத்தில் தெரிவது வெயிலின் கோணம். உப்புத்தாள் போட்டு வழவழவென்று முடித்துவிடு.

பொடிசிடம் அந்த ஆள் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணனுக்கு,

நாலே வரியில் எழுதியிருக்கிறீர்கள். மூக்குக்கு மட்டும் ஒரு பத்தி எழுதியவர் நீங்கள்.

வெயிலின் கோணம் என்றால் அந்த வெயில் வலது ஓரத்திலும் ஏதாவது செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வேலை செய்யும்போது கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு படத்தையும் பார்த்தேன். இரண்டும் ஒரே விமானம். வாலில் அதே எண். முதல் படம் ஒரு மாதம் முந்தையது. அதில் மூடி உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. இரண்டாவதில் இடது பின்மூலை எழும்பி நிற்கிறது. பொருந்தாத பல்செட்டை ஒரு நாளைக்கு இருபது பார்க்கிறேன். ஒரு பொருள் தன் இடத்தில் உட்காரவில்லை என்றால் நிழல் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது படத்தின் பின்புறம் படக்காரர் தேதி எழுதியிருக்கிறார். அது என் வீட்டுக்காரர் கடைசியாகப் பறந்த நாள். நேரம், காலை எட்டு ஐந்து. எட்டரைக்கு அவர் கிளம்பினார்.

மாடலுக்காகத்தான் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூடி ஏன் அப்படி நிற்கிறது?

தங்கை


ஏப்ரல் 26

தங்கச்சிக்கு,

வால் துடுப்பைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். உன் கிட்டில் அது கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். அடியில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பின்னால் சாய்க்க வேண்டும். கோண அட்டை இத்துடன் இருக்கிறது. இன்ஜினுக்குக் காற்று உள்ளே போகிற வாயின் உதடு தடிமன், உள்பக்கமாகச் சுரண்டிக் கத்தி விளிம்பு போல ஆக்கு. சக்கரக் கதவுகளை மூடியே ஒட்டிவிடலாம், வேலை குறையும்.

அண்ணிக்கு முழங்கால் வலி. மற்றபடி நலம்.

அண்ணன்


மே 2

வாலைப் பற்றி நான் கேட்கவில்லை.


மே 14

தங்கச்சிக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. திருத்தாமல் அனுப்பிவிடப் போகிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் அந்த மூடியைக் கழற்றினோம். அதன் அடியில்தான் வாலை அசைக்கிற தண்டுகள் ஓடுகின்றன. அவற்றுக்கு எண்ணெய் கொடுத்து, அளவு பார்த்து முடித்தோம். திரும்பப் போடும்போது பழைய மூடியில் கீறல் இருந்தது. ஸ்டோரிலிருந்து புதியது வாங்கினேன். அதன் ஓரம் லேசாக வளைந்திருந்தது. மூடியைச் சுற்றிப் பன்னிரண்டு பூட்டுத் திருகு. கால் சுற்றுத் திருப்பினால் ‘டிக்’ என்று பிடிக்கும். ஒன்பது பிடித்தது. இடது பின்மூலையில் மூன்று பிடிக்கவில்லை. சும்மா சுற்றியது.

காலையில் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். “சார், மூணு பூட்டு பிடிக்கல.”

“மத்த ஒம்பதும் பிடிக்குதில்ல? நாப்பது நிமிஷத்துல இறங்கிடும். வந்ததும் மாத்திக்கலாம், கையெழுத்துப் போடு.”

போட்டேன்.

அந்த மேற்பார்வையாளர் இப்போது உயிரோடு இல்லை. இருந்தாலும் அவர் தலையில் கட்டிவிட்டு நான் நழுவ முடியாது. ‘முடியாது சார்’ என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. வேலை விதியிலேயே இருக்கிறது. அந்த மாதம் ஏற்கெனவே ஒரு விமானம் என்னால் தாமதமாகியிருந்தது. இன்னொரு தாமதம் என் பெயரில் வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று ஒன்பது வருடமாகத் தேடுகிறேன். இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

முதுகு, தரையில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. மாப்பிள்ளை வழக்கம்போல விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சக்கரத்தைத் தட்டினார். ஏணியில் கால் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், “மச்சான், எல்லாம் சரியா?”

நான் சொன்னேன், “சரி மாப்ள. போயிட்டு வாங்க.”

பதினேழாவது நிமிடத்தில் தொடர்பு போயிற்று.

மூடிதான் காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. விமானம் கடலில் விழுந்தது. எடுத்த துண்டுகளில் அந்த மூடி இல்லை. பறக்கும்போது அது பிய்த்துக்கொண்டு போய் வாலில் அடித்திருக்கலாம். அடிக்காமலும் இருக்கலாம். விசாரணையில் என்னிடம் மூடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. “விமானம் பறக்கத் தகுதியா இருந்துச்சா?” என்றார்கள். “இருந்துச்சு சார்” என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் நீ உட்கார்ந்திருந்தாய். “அவரு நல்லா ஓட்டுவாருன்னு சொன்னியா அண்ணா?” என்று கேட்டாய். நான் உன்னைத் தாண்டிப் போய்விட்டேன்.

அண்ணன்


மே 20

நீ எழுதியதைப் படித்தேன்.

ஒன்பது வருடம் உன்னோடு நான் பேசாமல் இருந்தது எதற்குத் தெரியுமா? அவருக்காக நீ ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை என்பதற்கு. என்ன அற்பக் கோபம் அது! உன்னைப் பற்றி நான் எவ்வளவு குறைவாக நினைத்திருக்கிறேன்!

சவப்பெட்டி வந்த அன்று என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே. அவளுக்குப் பத்து வயது. “அப்பா ஏன் மாமா விழுந்தாங்க?” என்று அவள் உன்னைக் கேட்டது என் காதில் விழுந்தது. அவள் தலையைத் தடவினாய். அந்தக் கையாலா?

அவர் உன்னைத்தான் கேட்டார். அங்கே இருபது பேர் இருந்திருப்பார்கள். அதிகாரிகள், பெரிய படிப்புப் படித்தவர்கள். யாரையும் கேட்கவில்லை. மச்சான் சொன்னால் போதும் என்று ஏறினார்.

படக்காரர் கொடுத்தவற்றை நகல் எடுத்து, உன் கடிதம் இல்லாமல், விபத்துப் பிரிவு அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். உன் கடிதத்தை நான் அனுப்ப மாட்டேன். அதை நீதான் போய்ச் சொல்ல வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். படக்காரரிடம் போகச் சொன்னது நீ. அந்தப் படம் அவரிடம் இருப்பது உனக்குத் தெரியுமா?


மே 29

தங்கச்சிக்கு,

அன்று காலையில் அவர் மாடிப்படியில் நின்றதைப் பார்த்தேன். படம் எடுத்தாரா, எடுத்ததை வைத்திருக்கிறாரா என்று தெரியாது. தெரிந்துதான் உன்னை அனுப்பினேனா என்று கேட்கிறாய். எனக்கே தெரியவில்லை. அந்த வரியை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

போய்ச் சொல் என்கிறாய். இப்போது ஒரு தனியார் விமான நிறுவனத்தில் பரிசோதகராக இருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் வெளியே போகும். இது தெரிந்தால் நாளைக்கே அந்தப் பேனாவைப் பிடுங்கிவிடுவார்கள். அண்ணிக்கு எதுவும் தெரியாது. முப்பது வருடமாக என்னை ஒழுங்கான மனிதன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளை எதிரில் உட்கார வைத்து எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. முடியுமா என்று தெரியவில்லை.

அண்ணன்


ஜூன் 9

அண்ணனுக்கு,

அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. ‘புகைப்படம் மட்டும் போதிய ஆதாரம் ஆகாது. விமானத்தைப் பறக்க அனுமதித்துக் கையெழுத்திட்ட தொழில்நுட்பப் பணியாளரின் நேரடி வாக்குமூலம் தேவை.’ இந்த வகை விமானங்கள் ஜூலையில் ஓய்வு பெறுகின்றன. ஜூன் முப்பதோடு அவற்றின் விபத்துக் கோப்புகளையெல்லாம் மூடி முத்திரை வைத்துவிடுவார்களாம். அதற்குப் பிறகு யார் வந்து என்ன சொன்னாலும் எடுக்க மாட்டார்கள்.

மகளுக்கு இறுதி நேர்காணல் ஜூலை எட்டாம் தேதி. அதே ஆள் உட்கார்ந்திருப்பார். அதே கேள்வியைக் கேட்பார். “என்ன சொல்லப் போறே?” என்று கேட்டேன். “ஆமா சார், அப்பா பண்ணினது தப்புதான்னு சொல்லிடுறேன்மா. பிரச்சினை முடிஞ்சிடும்” என்றாள். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகுகிறாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ எழுதியது எதையும் நான் அவளிடம் சொல்லவில்லை. இன்னும் மூன்று வாரம் சொல்ல மாட்டேன்.

விமானம் மேசை மேல் இருக்கிறது. அவர் போட்ட ஏழு வட்டமும் சரியாகிவிட்டது. முதுகில் மட்டும் அந்த மூடி இருக்கிற இடத்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன். வழவழப்பாக்கினால் நீ சொன்ன பொய்யை என் கையாலேயே செய்த மாதிரி. தூக்கி வைத்தால் அதைத் தினமும் பார்க்க என்னால் முடியாது. பெயிண்ட் டப்பாக்களைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணியிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று கேட்டாய். ‘மூணு பூட்டு பிடிக்கல’ என்று ஆரம்பி. அதைத்தான் அன்றைக்கு நீ சொல்லியிருக்க வேண்டும், அவரிடம்.

தங்கை


ஜூன் 27

தங்கச்சிக்கு,

நேற்று போனேன்.

முதலில் அண்ணியிடம் சொன்னேன். நீ சொன்ன வார்த்தையில்தான் ஆரம்பித்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கதவில் மாட்டியிருந்தாள். “போறதுன்னா இன்னைக்கே போங்க. நாளைக்கு உங்களுக்கு மனசு மாறிடும்” என்றாள்.

அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘புகார்தாரரா, சாட்சியா’ என்று அதில் ஒரு கட்டம். இரண்டும் இல்லை. குமாஸ்தா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “ஏதாவது ஒண்ணுல டிக் போடுங்க, இல்லைன்னா வாங்க மாட்டாங்க” என்றார். சாட்சி என்பதில் போட்டேன்.

அதிகாரி சின்ன வயசு. நான் வேலையை விட்ட பிறகு சேர்ந்தவராக இருப்பார். தொடக்கத்திலிருந்து சொன்னேன். பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“யாராவது உங்களை மிரட்டிச் சொல்ல வைக்கிறாங்களா?”

“இல்ல சார். என் தங்கச்சி ஒரு பொம்மை விமானம் செய்யிறா.”

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“ஒன்பது வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப ஏன் வந்தீங்க?”

“அவ கேட்டா சார். அதுக்கு முன்னாடி யாரும் கேக்கல.”

இது நல்ல பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆறு பக்கம் ஆயிற்று. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துக் கேட்டார். ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் போட்டேன். நேரமாகிறது என்று அவர் இரண்டு முறை சொன்னார். சொல்லட்டும் என்று இருந்தேன்.

இன்று காலை என் நிறுவனத்திலும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். என் முத்திரையை வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டினார்கள். மேற்கொண்டு என்ன நடவடிக்கை என்று கடிதம் வருமாம். வரட்டும்.

எதுவும் கேட்க எனக்குத் தகுதி இல்லை. கேட்கவும் இல்லை. முதுகு விஷயம் மட்டும் சொல்கிறேன், அது என் தொழில். என் அட்டை பொய் இல்லை. அந்த மூடி அப்படித்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றபடி உன் இஷ்டம்.

அண்ணன்


ஜூலை 19

அண்ணனுக்கு,

முடிவு வந்துவிட்டது. ‘விமானியின் கவனக்குறைவு என்ற முடிவு நீக்கப்படுகிறது. பராமரிப்புக் குறைபாடு காரணமாக இருக்க வாய்ப்புண்டு. உறுதி செய்ய இயலவில்லை.’ மூன்றே வரி. நான் ஏதாவது பெரிதாக எதிர்பார்த்தேனோ என்னவோ. வாசித்துவிட்டுக் கூடத்துக்குப் போய் நாலு பல் செட் முடித்தேன். ஐந்தாவதைக் கையில் எடுத்தபோதுதான் அழுகை வந்தது. முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இது வருவதற்கு முன்பே எட்டாம் தேதி நேர்காணல் முடிந்துவிட்டது. நீ வாக்குமூலம் கொடுத்ததற்கு அடுத்த வாரமே எல்லாக் கடிதங்களையும் மகளிடம் கொடுத்துவிட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். வெளியே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “மாமா அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா, அப்பா நிஜமாவே ஏறாம இருந்திருப்பாராம்மா?” உன்னைக் காப்பாற்ற ஏதாவது சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். ஆனால் “ஏற மாட்டார்” என்றேன். அவள் திரும்ப உள்ளே போய்விட்டாள்.

நேர்காணலில் அந்த ஆள் எதிர்பார்த்தபடியே கேட்டாராம். இவள் சொன்னாளாம், “எங்க அப்பா நம்பினதுதான் சார் அவர் பண்ணின தப்பு. நான் ஏணி போட்டு ஏறி முதுகையும் பார்த்துட்டுத்தான் கிளம்புவேன்.” எடுத்துக்கொண்டார்கள். இருபத்தெட்டாம் தேதி கிளம்புகிறாள்.

மாடலைப் பற்றி அவளையே கேட்டேன். “விழுந்த விமானம் வேணாம்மா. அப்பா ஓட்டினது வேணும்” என்றாள். உன் மூன்றாம் எண் அட்டையை வைத்து, வெளிச்சம் புகாத வரை தேய்த்தேன். நேற்று பெயிண்ட் அடித்தாகிவிட்டது.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை. கேட்காதது நல்லது. காலையில் எழுந்தால் ஒரு நாள் உன் மேல் பாவமாக இருக்கிறது, அடுத்த நாள் அந்த ‘சரி மாப்ள’ காதில் விழுகிறது. இது எப்போது அடங்கும் என்று எனக்குத் தெரியாது. அடங்காமலும் போகலாம்.

மகளிடம் இன்று, “ஸ்டேஷனுக்கு மாமாவைக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டேன். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “மாமாவுக்கு லீவு கிடைக்குமா?” என்றாள். உன்னிடம் இப்போது லீவைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று அவளுக்குச் சொல்லவில்லை.

ரயில் காலை ஒன்பது நாற்பதுக்கு. அவள் உன்னோடு பேசுவாளா தெரியாது. நான் பேசுவேனா என்பதும் தெரியாது. மூன்று பெட்டி இருக்கிறது, அதில் ஒன்றுக்குச் சக்கரம் உடைந்துவிட்டது. நடைமேடைக்குப் படியேறி இறங்க வேண்டும். எனக்கு ரெண்டு கைதான் இருக்கிறது. எட்டரைக்கே வந்துவிடு.

தங்கச்சி